இரக்கத்திற்கு ஓர் உடன்படிக்கை

நுழையும்முன்

விபத்து நேர்ந்த இடத்திற்கு விரைந்து வரும் அவசர ஊர்தி, அடிபட்டவர் எந்த ஊரினர், எந்த நாட்டினர் என்று கேட்டுவிட்டு உதவுவதில்லை. போர்க்களத்தில் வீழ்ந்தவருக்கும் இது பொருந்தும் என்பதை இன்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆனால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை இல்லை. படை பின்வாங்கினால் மருத்துவரும் பின்வாங்கினார். புண்பட்ட வீரன் களத்திலேயே கிடந்தான். இந்நிலையை மாற்றத் தொடங்கியவர் மருத்துவர் அல்லர், படைத்தலைவரும் அல்லர். தம் வணிகத்தின் பொருட்டுப் பேரரசர் ஒருவரைக் காணச் சென்ற வணிகர் அவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் தொண்டும்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் 1828ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் ஜீன் ஹென்றி டூனாண்ட் பிறந்தார். அவருடைய பெற்றோர் சமயப்பற்று மிக்கவர்கள்; அப்பற்றைத் தொண்டாக வெளிப்படுத்தியவர்கள். தந்தையார் பெற்றோரை இழந்த சிறுவர்களுக்கும் சிறையிலிருந்து விடுதலை பெற்றோருக்கும் உதவி வந்தார். தாயார் நோயாளிகளையும் ஏழைகளையும் நாடிச்சென்று பேணினார். அச்சூழலில் வளர்ந்த டூனாண்டும் இளம்பருவத்திலேயே அறப்பணிச் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்திப்பதையும் வழக்கமாகக் கொண்டார்.

பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. போதிய மதிப்பெண் பெறாமையால் கல்விக்கூடத்தை விட்டு விலகி, வங்கி ஒன்றில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தார். எனினும், மக்களை ஒன்றுசேர்க்கும் ஆற்றல் அவரிடம் இயல்பாகவே அமைந்திருந்தது. 1852ஆம் ஆண்டு ஜெனீவாவில் கிறித்துவ இளைஞர் சங்கத்தின் கிளையைத் தோற்றுவித்தார். பல நாடுகளில் இயங்கிய அத்தகைய சங்கங்கள் 1855ஆம் ஆண்டு பாரிசு நகரில் கூடி ஓர் அனைத்துலக அமைப்பை உருவாக்கியபோது அதிலும் பங்குகொண்டார். நாட்டெல்லைகளைக் கடந்து மனிதர்கள் ஒரு நோக்கத்திற்காக இணைய முடியும் என்பதை அவர் அங்கே கண்டறிந்தார்.

வங்கிப் பணியின் தொடர்ச்சியாக, அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவுக்குச் சென்றார். அங்கே மாவு ஆலைத் தொழிலுக்கென 1856ஆம் ஆண்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். உறவினரும் நண்பரும் அவரை நம்பி அதில் பணம் போட்டனர். ஆனால், நிலவுரிமையும் நீருரிமையும் தெளிவாக வழங்கப்படவில்லை. அலுவலர்களிடம் அளித்த விண்ணப்பங்களுக்கு உரிய மறுமொழி கிடைக்கவில்லை. எனவே, பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியனை நேரில் கண்டு முறையிட டூனாண்ட் முடிவு செய்தார். பேரரசரோ அப்போது அரண்மனையில் இல்லை. வட இத்தாலியில் ஆஸ்திரியாவை எதிர்த்துச் சார்டினியாவுடன் சேர்ந்து போர் நடத்திக்கொண்டிருந்தார். டூனாண்ட் போர் நடக்கும் பகுதிக்கே புறப்பட்டார்.

சொல்ஃபெரினோ

1859ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் நாள் சொல்ஃபெரினோ என்னும் சிற்றூரைச் சுற்றிய குன்றுகளில் பெரும்போர் மூண்டது. ஒருபுறம் பிரான்சு, சார்டினியா ஆகிய நாடுகளின் படைகள். மறுபுறம் ஆஸ்திரியாவின் படை. மூன்று நாட்டு அரசர்களும் களத்தில் இருந்தனர். ஏறத்தாழ மூன்று லட்சம் வீரர்கள் விடியற்காலை தொடங்கி மாலைவரை பொருதனர். ஆஸ்திரியப் படை பின்வாங்கியது. பல்லாயிரக்கணக்கானோர் இறந்தும் புண்பட்டும் குன்றுகளிலும் வயல்களிலும் கிடந்தனர்.

அன்று மாலை டூனாண்ட், களத்திற்கு அருகிலுள்ள காஸ்டிலியோனே என்னும் ஊரில் இருந்தார். புண்பட்டோரை ஏற்றிய வண்டிகள் அவ்வூருக்குள் வரிசையாக வரத் தொடங்கின. ஆலயங்களும் மடங்களும் வீடுகளும் நிரம்பின. பின்னர்த் தெருக்களும் நிரம்பின. பெரிய ஆலயம் ஒன்றனுள் மட்டும் ஐந்நூற்றுவர் கிடத்தப்பட்டிருந்தனர். இடமின்மையால் மேலும் நூற்றுவர் வெளியே வைக்கோலின்மீது கிடந்தனர்.

அங்கே டூனாண்ட் கண்ட ஓர் உண்மை அவர் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. அவ்வூரில் தண்ணீர் இல்லாமல் இல்லை. ஆனாலும் வீரர்கள் தாகத்தால் மடிந்தனர். உணவு இருந்தது; அதை ஊட்டுவாரில்லை. கட்டுத்துணி இருந்தது, அதைக் கட்டும் கைகள் போதவில்லை. படையின் மருத்துவப் பிரிவு மிகச் சிறியது. இத்தனை பேரைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் அதனிடம் இல்லை. ஆக, அங்கே இல்லாதிருந்தது பொருளன்று. முன்கூட்டியே செய்யப்பட்ட ஏற்பாடுதான்.

வெண்ணிற உடையில் வந்திருந்த அந்த வணிகர், வந்த வேலையை மறந்து பணியில் இறங்கினார். ஊர்ப் பெண்களைத் திரட்டினார். சிறுவர்களிடம் வாளிகளைக் கொடுத்து நீரூற்றிலிருந்து தண்ணீர் சுமந்துவரச் செய்தார். தம் வண்டியோட்டியைப் பிரேஷா நகருக்கு அனுப்பித் துணியும் எலுமிச்சையும் சர்க்கரையும் பிற தேவைகளும் வாங்கிவரச் செய்தார். அவ்வழியே வந்த பயணியரையும் துணைக்கு அழைத்தார். புண்களைக் கழுவினார், சாகும் தறுவாயில் இருந்தோரின் இறுதிச் செய்திகளை அவர்தம் வீட்டாருக்காகக் குறித்துக்கொண்டார்.

புண்பட்டவர்களுள் பிரெஞ்சு வீரரும் இருந்தனர், இத்தாலியரும் இருந்தனர், தோற்ற ஆஸ்திரியரும் இருந்தனர். டூனாண்ட் அவர்களிடையே வேறுபாடு காட்டவில்லை. அதைக் கண்ட ஊர்ப் பெண்களும் வேறுபாடு பாராட்டாமல் பணிசெய்தனர். எல்லோரும் உடன்பிறந்தோரே என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல் அவர்கள் வாயில் வழங்கலாயிற்று. சிறைபிடிக்கப்பட்ட ஆஸ்திரிய மருத்துவர்கள் கைகட்டிக் காவலில் இருப்பதால் யாருக்கு என்ன பயன் என்று டூனாண்ட் எண்ணினார். பிரெஞ்சுப் படையினரிடம் பேசி, அம்மருத்துவர்களை விடுவித்துப் புண்பட்டோருக்கு மருத்துவம் செய்யவைத்தார். பகைநாட்டு மருத்துவர் பகைநாட்டு வீரனுக்குச் சிகிச்சை செய்வது இயலும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது.

நினைவிலிருந்து நூல்

ஜெனீவா திரும்பிய டூனாண்டால் அக்காட்சிகளை மறக்க இயலவில்லை. தாம் கண்டவற்றை ஒரு நூலாக எழுதினார். சொல்ஃபெரினோவின் நினைவு என்னும் பொருள்படும் தலைப்பில், 1862ஆம் ஆண்டு 1,600 படிகளைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு, ஐரோப்பாவின் அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் அனுப்பிவைத்தார்.

போரின் கொடுமையை எழுதியோர் அவருக்கு முன்னரும் உண்டு. அந்நூல் துயரத்தைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை என்பதே அதன் சிறப்பு. அது இரண்டு வழிகளை முன்வைத்தது. ஒவ்வொரு நாட்டிலும் அமைதிக் காலத்திலேயே தன்னார்வலர்க்குப் பயிற்சி அளித்து, புண்பட்டோரைப் பேணும் சங்கங்களை உருவாக்க வேண்டும் என்பது முதல் வழி. புண்பட்டோரையும் அவர்களைப் பேணுவோரையும் காக்கும் பொதுவான நெறி ஒன்றை நாடுகள் கூடி உடன்படிக்கையாக ஏற்கவேண்டும் என்பது இரண்டாவது வழி.

இவற்றுள் ஒன்று மட்டும் போதாது. பயிற்சி பெற்ற கைகள் இருந்தும் பாதுகாப்பு இல்லையெனில் அவை களத்திற்குச் செல்ல இயலாது. பாதுகாப்பு இருந்தும் பயிற்சி பெற்றோர் இல்லையெனில் காஸ்டிலியோனேயின் நிலையே மீண்டும் நேரும்.

ஐவர் குழு

ஜெனீவாவில் இயங்கிய பொதுநலச் சங்கம் ஒன்றின் தலைவர் குஸ்தாவ் மொய்னியே. சட்டம் பயின்ற அவர் டூனாண்டின் நூலைப் படித்து, அதனைத் தம் சங்கத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். அதன் பயனாக ஐவர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. டூனாண்ட், மொய்னியே ஆகியோருடன் படைத்தலைவர் டுஃபூர், மருத்துவர்கள் லூயி அப்பியா, தியோடர் மோனுவார் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். 1863ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 17ஆம் நாள் அக்குழு முதன்முறையாகக் கூடியது. பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவாக வளர்ந்தது இதுவே.

குழுவில் கருத்து வேறுபாடும் எழுந்தது. மருத்துவரையும் மருத்துவமனையையும் எப்பக்கமும் சாராத நடுநிலையாளராக நாடுகள் ஏற்கவேண்டும் என்று டூனாண்ட் விரும்பினார். அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று மொய்னியே கருதினார். டூனாண்ட் காத்திருக்கவில்லை. பெர்லின் நகரில் நடைபெற்ற மாநாடு ஒன்றிற்குச் சென்றபோது, குழுவின் ஒப்புதலுக்குக் காத்திராமல் தம் கருத்தை அச்சிட்டு வழங்கினார். ஐரோப்பிய அரசவைகள் பலவற்றிற்குச் சென்று ஆதரவு தேடினார். இச்செயல் மொய்னியேவுக்கு மனக்கசப்பை ஏற்படுத்தியது. ஆனால், அரசுகள் அக்கருத்தை ஏற்றன. 1863ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜெனீவாவில் கூடிய மாநாடு, நாடுதோறும் உதவிச் சங்கங்கள் அமையவேண்டும் என்று தீர்மானித்தது.

ஜெனீவா உடன்படிக்கை

அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்து அரசின் அழைப்பை ஏற்று நாடுகளின் பேராளர்கள் மீண்டும் கூடினர். 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் நாள் 12 நாடுகள் முதல் ஜெனீவா உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதில் இருந்த பிரிவுகள் பத்தே.

களத்து மருத்துவ நிலையங்களும் படை மருத்துவமனைகளும் நடுநிலையானவை என்று முதற்பிரிவு அறிவித்தது. அவற்றில் பணியாற்றுவோர், அவ்விடம் பகைவர் கைக்குச் சென்றபின்னும் தம் பணியைத் தொடரலாம் என்றும், பின்னர்த் தம் படைக்குத் திரும்பலாம் என்றும் மற்றொரு பிரிவு கூறியது. புண்பட்டோருக்கு உதவும் ஊர்மக்களுக்கும் பாதுகாப்பு வழங்கப்பட்டது. புண்பட்டோர், நோயுற்றோர் ஆகியோரை அவர்கள் எந்நாட்டவராயினும் எடுத்துச்சென்று பேணவேண்டும் என்பது உடன்படிக்கையின் உயிர்நாடி. இவ்விடங்களையும் இப்பணியாளர்களையும் தொலைவிலிருந்தே அறிய ஒரே அடையாளமாக, வெண்மைத் தளத்தில் செந்நிறச் சிலுவை ஏற்கப்பட்டது.

இதன் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னர், படை பின்வாங்கும்போது மருத்துவர் களத்தில் தங்கினால் சிறைபிடிக்கப்படுவார். ஆதலின், நோயாளிகளை விட்டுச்செல்ல அவர் கட்டாயப்படுத்தப்பட்டார். அதற்குக் காரணம் அவருடைய கல்நெஞ்சம் அன்று. தங்கியிருப்பதற்கு அவருக்கு எந்தக் காப்பும் இல்லாமையே. உடன்படிக்கை அக்காப்பை வழங்கியது. காஸ்டிலியோனேயில் ஒருவர் மன்றாடிப் பெற்ற சலுகை, ஐந்தே ஆண்டுகளில் நாடுகள் ஏற்ற சட்டமாயிற்று.

தெரிந்து தெளிவோம்

செஞ்சிலுவைச் சின்னம் சுவிட்சர்லாந்து நாட்டுக் கொடியின் நிறங்களை மாற்றி அமைத்ததைப் போன்றது. உருசியாவுடன் நிகழ்ந்த போரின்போது உதுமானியப் பேரரசு சிலுவைக்கு மாற்றாகச் செம்பிறைச் சின்னத்தைப் பயன்படுத்தியது. சமயம், நாடு ஆகிய பொருள் எதுவும் ஏற்றப்படாத செம்படிகச் சின்னம் 2005ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. மூன்று சின்னங்களும் வழங்கும் பாதுகாப்பு ஒன்றே.

வீழ்ச்சி

உலகத்தின் துயர் துடைக்கும் பணியில் மூழ்கிய டூனாண்ட், தம் வணிகத்தைக் கவனிக்கத் தவறினார். அல்ஜீரிய நிறுவனம் நலிந்தது. அவருடன் தொடர்புடைய நிதி நிறுவனம் 1867ஆம் ஆண்டு முறிந்தது. டூனாண்ட் கடனாளியானார். அவரை நம்பிப் பணம் போட்ட உறவினரும் நண்பரும் இழப்புக்கு ஆளாயினர். உண்மையை மறைத்துப் பிறரை ஏமாற்றினார் என்று 1868ஆம் ஆண்டு ஜெனீவா நீதிமன்றம் அவர்மீது தீர்ப்பளித்தது.

நாணயத்தைப் பெரிதாக மதித்த அந்நகரம் அவரை மன்னிக்கவில்லை. குழுவின் செயலர் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். பின்னர்க் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். அன்னையும் 1868ஆம் ஆண்டு மறைந்தார். ஜெனீவாவை விட்டுச் சென்ற டூனாண்ட் தம் வாழ்நாளில் மீண்டும் அந்நகருக்குத் திரும்பவேயில்லை.

பாரிசு நகரில் அவர் வறுமையில் உழன்றார். தங்குவதற்கு அறை இன்றித் தொடர்வண்டி நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் இரவைக் கழித்ததும் உண்டு. நைந்துபோன கறுப்பு மேலாடையை மையால் கருமையாக்கினார். அழுக்கேறிய கழுத்துப்பட்டையைச் சுண்ணக்கட்டியால் வெண்மையாக்கினார். அந்நிலையிலும் அவர் தொண்டை மறக்கவில்லை. 1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, பாரிசில் இருந்தபடியே புண்பட்டோருக்கும் பொதுமக்களுக்கும் உதவும் பணிகளில் ஈடுபட்டார்.

அப்போரில் இருநாடுகளும் ஜெனீவா உடன்படிக்கையால் கட்டுப்பட்டவை. போரில் கலந்துகொள்ளாத நாடுகளிலிருந்தும் மருத்துவரும் தன்னார்வலரும் மருந்துப் பொருள்களுடன் சென்று இருதரப்பினருக்கும் உதவினர். ஜெனீவாக் குழு, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஒரு செயலகம் அமைத்து உதவிப் பொருள்களையும் புண்பட்டோரைப் பற்றிய செய்திகளையும் எல்லை கடந்து கொண்டுசேர்த்தது. விதிகளை அறியாதவரும் மீறியவரும் இருதரப்பிலும் இருந்தனர். ஆயினும், டூனாண்ட் கனவு கண்ட ஏற்பாடு செயற்படத் தொடங்கியிருந்தது. கனவு கண்டவர் அதன் பொறுப்பில் இல்லை என்பதுதான் முரண்.

ஹைடன் மருத்துவமனை

பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்த டூனாண்ட், 1887ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் கிழக்கே உள்ள ஹைடன் என்னும் சிற்றூரை அடைந்தார். உடல் தளர்ந்திருந்தது, கடன் கொடுத்தவர்கள் தேடிவருவார்கள் என்னும் அச்சமும் விடவில்லை. 1892ஆம் ஆண்டு அவ்வூர் மருத்துவமனையின் சிறிய அறை ஒன்றில் குடிபுகுந்தார். அடுத்த 18 ஆண்டுகள் அவ்வறையே அவருடைய இல்லமாயிற்று. நாடுதோறும் செஞ்சிலுவைச் சங்கங்கள் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றிற்கு வித்திட்டவர் உயிருடன் இருப்பதையே உலகம் மறந்திருந்தது.

1895ஆம் ஆண்டு ஜார்ஜ் பௌம்பெர்கர் என்னும் இதழாளர் அவரைச் சந்தித்துக் கட்டுரை எழுதினார். அக்கட்டுரை ஐரோப்பாவெங்கும் பரவியது. மறக்கப்பட்ட மனிதரைத் தேடி வாழ்த்துகளும் உதவிகளும் வரத்தொடங்கின. 1901ஆம் ஆண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட அமைதிக்கான நோபல் பரிசு, பிரான்சு நாட்டின் அமைதி இயக்கத் தலைவர் பிரெடெரிக் பாசிக்கும் டூனாண்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவரை நீக்கிய பன்னாட்டுக் குழுவும் வாழ்த்து அனுப்பியது.

புண்பட்டோரைப் பேணுவது போரை ஒழிக்காது, போரைத் தாங்கிக்கொள்ளத்தக்கதாக மட்டுமே ஆக்கும் என்று அன்று வாதிட்டோரும் இருந்தனர். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. டூனாண்டும் தம் முதுமையில் போரையே எதிர்த்து எழுதிவந்தார். எனினும், போர் ஒழியும் நாள்வரை களத்தில் கிடப்பவனைக் காக்கவைக்க இயலாது என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது.

இறுதி விருப்பம்

பரிசுத்தொகை, கடன் கொடுத்தோரின் கைக்குச் செல்லாதவாறு நார்வே நாட்டு வங்கியில் வைக்கப்பட்டது. டூனாண்ட் அதைத் தமக்கெனச் செலவிடவில்லை. மருத்துவமனை அறையில் முன்போலவே எளிமையாக வாழ்ந்து, 1910ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30ஆம் நாள் மறைந்தார். அவர் விரும்பியவாறே, சடங்குகள் ஏதுமின்றிச் சூரிச் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

1864ஆம் ஆண்டின் பத்துப் பிரிவுகள் பின்னர் விரிவடைந்தன. கடற்போரில் புண்பட்டோர், போர்க்கைதிகள், பொதுமக்கள் ஆகியோரையும் காக்கும் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள் 1949ஆம் ஆண்டு உருவாயின. உலக நாடுகள் அனைத்தும் அவற்றை ஏற்றுள்ளன. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920ஆம் ஆண்டு தோன்றியது. நிலநடுக்கம், வெள்ளம், புயல் போன்ற பேரிடர்களின்போதும் ஒருநாட்டுச் சங்கம் மற்றொரு நாட்டுக்கு உதவுகிறது. டூனாண்ட் பிறந்த மே 8ஆம் நாள் உலகச் செஞ்சிலுவை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழகப் பள்ளிகளில் இயங்கும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் இவ்வியக்கத்தின் கிளையே. முதலுதவிப் பயிற்சி பெறும் மாணவர், துன்பம் நேரும் முன்பே உதவும் கைகளை ஆயத்தம் செய்யவேண்டும் என்னும் டூனாண்டின் முதல் வழியைத்தான் பின்பற்றுகின்றனர்.

டூனாண்ட் தம் இறுதி விருப்பத்தில் அறச்சங்கங்களுக்குப் பொருளை ஒதுக்கினார். ஹைடன் மருத்துவமனையில் ஏழை நோயாளிக்கென ஒரு படுக்கையைக் கட்டணமின்றி எப்போதும் வைத்திருக்கவும் வழிசெய்தார். வரப்போகும் நோயாளி யார், எங்கிருந்து வருவார் என்பது எவருக்கும் தெரியாது. ஆனாலும் அவருக்கான இடம் முன்னதாகவே காத்திருக்கும். சொல்ஃபெரினோவில் இல்லாதிருந்ததும், உலகத்திடம் அவர் கேட்டதும் அதுவே.

கற்பவை கற்றபின்...

1. காஸ்டிலியோனேயில் பொருள்கள் இருந்தும் வீரர்கள் மடிந்ததன் காரணத்தை விளக்கி, இன்றைய பேரிடர்க் காலங்களோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. இரக்கம் இருந்தால் போதும், சட்டம் தேவையில்லை என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளியின் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் ஆற்றிய பணிகளைத் தொகுத்து அறிக்கை ஒன்றை உருவாக்குக.